ரெண்டு தடவை அழுத்தினால் மெமோ

வனஜா பெங்களூர் அல்சூர்க்காரி. அப்பா ஒரு ஃபாக்டரி கேன்டீனில் சாம்பார் ஊற்றியவர். அவள் பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் படித்தாள், வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் பி.சி.ஏ. முடித்தாள். இதில் வீரக்கதை ஒன்றும் இல்லை. அவள் தெருவில் நாலைந்து பெண்கள் அப்படித்தான் படித்தார்கள். பிரேசர் டவுனில் ஒரு பார்சல் கம்பெனியில், போனை எடுத்து புக்கிங் போடும் ஆபரேட்டராக மூன்று வருடம் உட்கார்ந்தாள். 2006இல் அதே மாடியில் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மறு வருடம் அந்தக் கம்பெனியில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. ஒரே வீட்டு வாசலில் இரண்டு வேன் போய் நிற்கும். காரணம் எளிது. ஆபரேட்டர் ‘புக்’ பட்டனை அழுத்துவாள். நாலைந்து விநாடிக்குத் திரையில் ஒன்றும் அசையாது. போனில் வாடிக்கையாளர் “ஆச்சா, ஆச்சா” என்பார். மறுபடி அழுத்துவாள். இரண்டு புக்கிங் விழும். நிர்வாகம் மெஷினைப் பார்க்கவில்லை. ஆபரேட்டரின் விரலைப் பார்த்தது. இரண்டு தடவை அழுத்தினால் மெமோ என்றது. மூன்று மெமோ வாங்கினால் வேலை போச்சு.

மரகதத்துக்கு இரண்டு வந்துவிட்டது. வனஜாவுக்குப் பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் இருந்தவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

தப்பு ஸ்கிரீனில் இருக்கிறது, கையில் இல்லை என்று மேனேஜர் சேஷகிரியிடம் வனஜா போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். புக்கிங் நிரலை எழுதிய ஓஸ்வால்ட் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எங்கே தொட்டால் எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாது என்றார்.

“தொடல சார். வெளிய நின்னு பாத்துக்கறேன்.”

அதற்கு வழி உண்டு. நிரலில் ஒரு வேலையை மட்டும் செய்கிற துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஒரு ஃபங்ஷனை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக வேறொன்றைத் திருப்பித் தருகிற ஃபங்ஷன் எழுதலாம். பட்டனை அழுத்தினால் புதியதுதான் முதலில் எழுந்திருக்கும். உள்ளே இருப்பதை எப்போது ஓட விடுவது, எத்தனை தடவை விடுவது என்பது அதன் கையில். பழைய நிரலில் ஒரு புள்ளிகூட மாறாது. சாப்பாட்டு நேரத்தில் மரகதத்துக்கு இதைச் சொன்னாள்.

“ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷனா?” என்றாள் மரகதம். “அப்போ மொய்யும் ரெண்டு தடவ வெக்கணுமா?”

“ஒரு தடவதான்க்கா. அதுக்குத்தான் இவ்ளோ பாடு.”

முதலில் எழுதியது, கை ஓயும்வரை காத்திருக்கிற ஃபங்ஷன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இரண்டு விநாடி யாரும் அழுத்தாவிட்டால் ஒரே ஒரு புக்கிங் போகும். தன் மேஜையில் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. திங்கட்கிழமை எல்லா மெஷினிலும் ஏற்றிவிட்டு, இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்துங்கள் என்று ஆபரேட்டர்களுக்கு வாக்குக் கொடுத்தாள்.

மரகதம் நம்பினாள். வாடிக்கையாளர் அவசரப்படுத்த, விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டத் தட்டக் கடிகாரம் முதலுக்கே போனது. அவர் போனை வைத்தார், இவள் அடுத்த போனுக்காகத் திரையில் அடித்ததை அழித்தாள். புக்கிங் போகவே இல்லை. வேன் வரவில்லை என்று மறுநாள் காலை புகார். சேஷகிரி மூன்றாவது மெமோவை டைப் அடித்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி.

தப்பு தன்னுடையது, மெமோவைத் தனக்குக் கொடுங்கள் என்று வனஜா கேட்டாள். நிரல் எழுதுகிறவர்களுக்கு மெமோ கொடுக்க விதியே இல்லை என்றார் அவர். எழுதுகிறவளுக்கு இல்லை, அழுத்துகிறவளுக்கு உண்டு. அந்த ஆபீஸின் சட்டம் அது. புதன் சாயங்காலம்வரை கையெழுத்துப் போடாமல் இருக்க மட்டும் ஒப்புக்கொண்டார்.

அன்று முழுக்க வனஜா மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஒவ்வொரு “ஆச்சா”வுக்கும் விரல் ஒரு தட்டு தட்டியது. திரை பதில் சொல்லாதவரை அந்தக் கை ஓயாது. கை ஓயக் காத்திருக்கும் ஃபங்ஷன் இங்கே தலைகீழ் வேலை. முதல் தட்டு உடனே போக வேண்டும். அடுத்த பத்து விநாடிக்கு வருவதை எல்லாம் உதற வேண்டும். அடுத்த ஆளின் விவரத்தை அடிக்கவே ஒரு நிமிடம் ஆகும், ஆகவே யாருக்கும் தடையில்லை. பட்டனும் உடனே ‘போகுது’ என்று எழுத்தில் சொல்ல வேண்டும். புதன் மதியத்துக்குள் எழுதி முடித்தாள்.

பிறகு சேஷகிரியை மரகதத்தின் நாற்காலியில் உட்காரவைத்து, பழைய ஸ்கிரீனைத் திறந்து கொடுத்தாள். பக்கத்து அறையிலிருந்து வாடிக்கையாளராகப் போன் செய்தாள்.

“ஆச்சா சார்? ஆட்டோ வெயிட்டிங்ல நிக்குது. ஆச்சா? இன்னுமா ஆகல?”

“ஆயித்தும்மா, ஸ்வல்ப இரு,” என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னபடி அவர் தட்டினார். மூன்று புக்கிங் விழுந்தது. புதிய ஸ்கிரீனில் அதே போன், அதே அவசரம். ஒன்றுதான் விழுந்தது.

“இப்ப மெமோ யாருக்கு சார்?” என்றாள் மரகதம்.

அவர் டைப் அடித்த தாளைக் கிழித்தார். திரும்பி வந்து நின்ற வனஜா நகரவில்லை.

“அது பத்தாது சார். எல்லாருக்கும் குடுத்த பழைய மெமோவையும் எழுத்துல வாபஸ் வாங்குங்க.”

“நாளைக்குப் பாக்கலாமே.”

“இன்னைக்கே சார்.”

ஐந்தரை மணிக்குக் கடிதம் வந்தது. பதினாலு ஆபரேட்டர்களின் மெமோவும் ரத்து. மரகதம் தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிப் பையில் வைத்தாள், அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.