சாணுக்கு ஒரு கல்வாழை

அம்மையப்பனுக்குச் செடியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர். துபாய்க்குத் தோட்ட வேலைக்கு வந்து பதினோரு வருஷம். கல்வாழைக் குத்தைப் பிரித்தால் வெட்டுவாயை ஒருநாள் நிழலில் காயவிட வேண்டும், கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி விட வேண்டும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை என்பதுதான் சங்கதி.

வியாழக்கிழமை வில்லாவின் சொந்தக்காரர் பார்க்க வருவதாக இருந்தது. அளவாக நட்டால் பாத்தி மொட்டையாகத் தெரியும். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சூப்பர்வைசர் நிதின் வாயால் ஒரு ‘ஷாபாஷ்’ கேட்கும் ஆசை, அவ்வளவுதான். காலையில் வெட்டிய கிழங்குகளை ஈரம் காயாமல் சாயங்காலமே சாணுக்கு ஒன்றாகச் செருகினார். பாத்தி பச்சைப்பசேலென்று நிறைந்தது. நிதின் போனில் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். அன்று அம்மையப்பன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாவது வாரம் நடுப்பாத்தி மஞ்சளடித்துச் சாய்ந்தது. நிதின் பிடித்தது சரவணகுமாரை. தண்ணீர் திறந்து மூடுவது அவர் டூட்டி. தண்ணீரைக் கொட்டி அழுகவைத்துவிட்டாய், பாத்தி மறுபடி தேறும்வரை லீவ் கலாஸ், ஊர்ப் பேச்சே கிடையாது என்று இந்தியில் கத்தினார். அது சரவணகுமாருக்கு மகளின் சடங்குக்காகக் கிடைத்த லீவ். சடங்கு வருகிற பத்தாம் தேதி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மையப்பன் மண்வெட்டியோடு இரண்டடி தள்ளித்தான் நின்றார். பிடுங்கிய கிழங்கு ஒன்று காலடியில் கிடந்தது. அழுகல் வெட்டுவாயிலிருந்துதான் கிளம்பியிருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா? பதினோரு வருஷமாக எடுத்த பேர் போய்விடுமே என்ற பயம். காலால் மண்ணைத் தள்ளி அந்தக் கிழங்கை மூடினார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

சோனாப்பூர் லேபர் கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆளாளுக்குச் சரவணகுமாருக்குப் புத்தி சொன்னார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் ஒருவர். சரவணகுமார் எழுந்துவந்து அம்மையப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளிடம் இன்னும் சொல்லவில்லையாம். சொல்லிவிட்டு அம்மையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் என்னையக் கொற சொல்றாங்கண்ணே. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்த பேசல.”

அதற்கும் அம்மையப்பன் ஒன்றும் பேசவில்லை.