எதிர்த்தரப்புக்கு ஓர் ஆள்

செய்தி சேனலில் அவளுடைய வேலை ஆள் பிடிப்பது. மாலை விவாதத்துக்கு எத்தனை நாற்காலி போடுகிறார்களோ அத்தனையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால் அன்றைய பாடு தீர்ந்தது. வருகிறவருக்கு விஷயம் தெரியுமா என்பது யாருக்கும் முக்கியமில்லை. குரல் எடுபடுமா, நேரத்துக்கு வந்து சேருவாரா, அவ்வளவுதான். அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலியக்கா என்றே பெயர்.

அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை ஊரைப் போட்டு வாட்டியது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டார். செய்தி ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். எதிர்த்துப் பேச ஆளில்லாவிட்டால் அது விவாதமா, பிரசங்கமா என்றார். அவளும் சல்லடை போட்டுச் சலித்து, குளியலறைச் சாமான் கடைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தாள். கிருமி என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை என்று வீடியோ போட்டுக்கொண்டிருந்த மகானுபாவர்.

ஒப்பனை அறையில் அவர் அவளிடம் மெதுவாகக் கேட்டார்: “குழாய்த் தண்ணி வேணாம்மா. மூடி திறக்காத பாட்டில் இருந்தா குடுங்க.” உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

விவாதத்தில் டாக்டர், எங்களுக்குக் கிடைத்த மாதிரிகளை வைத்துப் பார்த்தால் என்று அளந்து அளந்து பேசினார். கடைக்காரருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. “கிருமியக் கண்ணால பார்த்தவங்க கை தூக்குங்க, பார்ப்போம்” என்றார். டாக்டர் தூக்கினார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவர் வாராவாரம் வந்தார். அடுப்பில் தண்ணீர் வைப்பவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று தெருவில் கேலி பேசினார்கள். படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது, இந்த நிலைமைக்கு என்ன காரணம் என்று விவாதிக்கவும் அவரையே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவள்தான். ஊர்ச் சனங்கள் ஏமாளிகளாக இருந்தால் நான் என்ன செய்வது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளின் அறிவியல் விடைத்தாள் வீட்டுக்கு வந்தது. மஞ்சள் காமாலை எப்படிப் பரவுகிறது என்பது கேள்வி. கிருமியால் என்று சிலர் சொல்கிறார்கள், கிருமியே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், இரண்டுமே கருத்துகள் என்று மகள் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண்.

“இதுக்கு எப்படிடி முழு மார்க்?”

“இப்படி எழுதினாத்தான்ம்மா முழு மார்க். கிருமின்னு மட்டும் எழுதினவளுக்குப் பாதிதான்.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெற்றோர் சிலர் வந்து சத்தம் போட்டார்கள், மேலிடத்து உத்தரவு என்று அறிவியல் டீச்சர் தரையைப் பார்த்துச் சொன்னாள். தலைமையாசிரியருக்கு அந்தக் கூச்சமும் இல்லை. “உங்க டிவில ரெண்டு பக்கமும் கேக்குறீங்க. நாங்க கேட்டா மட்டும் தப்பா?” என்றார்.

அன்று மாலை கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னபோது முடியாது என்றாள். “பூமி உருண்டைன்னு ஒருத்தர் சொன்னா, தட்டைன்னு சொல்ல ஒரு ஆளைத் தேடுவீங்களா சார்?”

செய்தி ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கிடைப்பாங்களா?”

அந்த வாரமே அவளை விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைக்காரரின் எண் வேறொரு பெண்ணின் கைக்குப் போனது.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பாடத்தைப் பாடமாக நடத்துங்கள் என்று கேட்டாள். அவளுக்காகத் தூக்கிய கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் நிர்வாகம், பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல், கிருமிப் பாடத்தை விருப்பப் பாடமாக்கியது. வேண்டாதவர்கள் அந்த நேரத்தில் விளையாடலாம். அவள் கையெழுத்துப் போட்டு மகளைப் பாடத்தில் சேர்த்தாள். மகள் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

டீச்சர் பாடம் நடத்தத் தொடங்கிய அன்று வகுப்பில் ஒரு பெஞ்சுகூட நிரம்பவில்லை. மற்ற பிள்ளைகள் வெயிலில் ஓடியாடி, தாகமெடுத்ததும் மைதானத்துக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.