முன்னாடியே கொடுத்த முடி

பதினான்கு வருடமாக நாள் முழுக்கக் காரிலேயேதான் இருக்கிறேன். ஆனால் ஸ்டியரிங் என் கையில் இருந்ததில்லை. திருப்பதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுக்கிறேன். என் இடம் இடது பக்க சீட். என் காலடியிலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. "பிரேக் தொக்கண்டி, பிரேக் தொக்கண்டி" என்று தெலுங்கில் தொண்டை வறளக் கத்துவேன். கற்றுக்கொள்கிறவர்கள் மிதிக்காவிட்டால் நான் மிதிப்பேன். சாயந்தரம் முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன்.

இப்படிப்பட்டவளுக்கு நாற்பது வயதில் ரேஸ் பைத்தியம் பிடித்தது. எல்லை தாண்டி, சென்னைக்குப் போகும் வழியில் ஒரு ரேஸ் டிராக். அங்கே எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கென்று ஒரு பந்தயத் தொடர் நடத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி சின்னக் கார், ஒரே மாதிரி டயர். என்ஜினுக்கு ஈய முத்திரை போட்டிருப்பார்கள். எவனும் நோண்ட முடியாது. யாருக்கு எந்தக் கார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். காசு இருக்கிறவன் வேகத்தை விலைக்கு வாங்க முடியாது. நாம் கொண்டுபோக வேண்டியது ரேஸ் உடுப்பும் ஹெல்மெட்டும்தான். வலது பக்கம் உட்காரலாம் என்பது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. புதிதாக வருகிறவர்களுக்குத் தற்காலிக லைசென்ஸ் அட்டைதான் தருவார்கள். மூன்று பந்தயத்தில் ஒன்றையாவது ஓடி முடிக்க வேண்டும், கடைசியாக வந்தாலும் சரி. முடிக்காவிட்டால் அட்டை ரத்து. பயிற்சி வகுப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எனக்கு லீவும் கிடையாது, வயதும் கிடையாது.

முதல் பந்தயத்தில் பக்கத்துக் கார்க்காரன் வளைவில் பிரேக் போடுவானா மாட்டானா என்று அவனையே பார்த்துக்கொண்டு போய் மணலில் சொருகினேன். பழக்க தோஷம். இரண்டாவதில் பின்னால் வந்தவன் இடித்துவிட்டான். மிச்சம் ஒன்றுதான் என்று ஆனதும் எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. பாடம் கற்க வந்த ஒரு அம்மாவைக் காரணமே இல்லாமல் அழவைத்துவிட்டேன். கடைசியில், பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மலைக்குப் போய் முடி கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நகரியிலிருந்து நைனா, என் அப்பா, வந்திருந்தார். பவர்லூம் தறியில் காதைக் கொடுத்துவிட்டவர்; நாம் பேசுவது பாதிதான் விழும். அதனால் அவரும் சத்தமாகத்தான் பேசுவார். முடி இறக்குகிற கல்யாண கட்டா வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"காரியம் ஆன அப்பறம்தானே எல்லாரும் முடி குடுக்கறாங்க? நீ இன்னாத்துக்கு முன்னாடியே குடுக்கற?"

காத்திருக்க முடியாது நைனா என்றேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. சாமிக்கு முன்பணம் கட்டிவிட்டால் அவர் கைவிட மாட்டார் என்று ஒரு கணக்கு. என் முடி லேசுப்பட்டதில்லை. சுருள் சுருளாக, சீப்பு உடைகிற அடர்த்தி. கத்தி இறங்க இறங்க மடியில் குவிந்தது. தலையில் காற்றுப் பட்டதும் பயம் பாதி போய்விட்ட மாதிரி இருந்தது.

பந்தயத்தன்று காலையில் உடுப்பையும் ஹெல்மெட்டையும் சோதிக்கிற அதிகாரி என் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னார். வார்ப்பட்டையை இறுக்கினேன். அவர் தாடைப் பக்கம் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். என் முகம் அவரைப் பார்த்தபடி இருக்க, ஹெல்மெட் மட்டும் திருப்பதிப் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்தக் காடு முடிக்கு மேல் அளவெடுத்து வாங்கிய ஹெல்மெட் அது. இது எப்படி என் புத்திக்கு எட்டாமல் போயிற்று என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

துண்டு சுற்றிக்கொள்கிறேன் சார் என்று கெஞ்சினேன். உள்ளே எதையும் திணிக்கக் கூடாதாம். அவர்களிடம் இருந்த உபரி ஹெல்மெட்டுகள் அதைவிடப் பெரியவை. அவர் கெட்டவர் இல்லை. "அடுத்த வாரம் மொட்டை போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார். நைனா சொன்னதும் அதுதானே. அழுகையை அடக்க முடியவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் வேலூர்க்காரப் பல் டாக்டர் ஒருத்தி நின்றிருந்தாள். கிராப்பு வெட்டிய சின்னத் தலை. அவள் முதல் குழு, நான் இரண்டாவது. தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "நான் ஓடி முடிச்சதும் வாங்கிக்கங்கக்கா" என்றாள், பேனாவைக் கொடுப்பதுபோல. அதிகாரி திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒன்று மட்டும் சொன்னார்: ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட் செல்லாது, பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.

முதல் குழு கிளம்பியது. பந்தயம் பார்க்க வந்திருந்த நைனாவோடு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் முந்துகிறார்கள் என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் தலையைத்தான் தேடினேன். காருக்கு ஒன்று ஆனால் மாற்றுக் கார் இருக்கிறது, எல்லாம் ஒன்றுபோலத்தான். என் மொட்டைத் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் அங்கே அது ஒன்றுதான்.

கடைசிக்கு முந்தின சுற்றில், எங்களுக்கு நேர் எதிர் வளைவில், அவள் கார் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று டயர் அடுக்கிய சுவரில் பக்கவாட்டாகப் போய் மோதியது. முதலில் என் கால் பிரேக்கை மிதித்தது, வெறும் தரையில். அன்றைக்கு எனக்குள் யோக்கியமாக இருந்தது அது ஒன்றுதான். அடுத்த நொடி, கடவுளே, தலையில் அடிபட்டிருக்கக் கூடாது என்று வேண்டினேன். கேட்பதற்கு நல்ல வேண்டுதல். ஆனால் அந்தத் தலைக்காக நான் வேண்டவில்லை. அதன் மேல் இருந்ததற்காக வேண்டினேன்.

முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் ஹெல்மெட். அதைத்தான் முதலில் எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது காதுக்கு மேல் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அனுமதி ஸ்டிக்கரை ஏற்கனவே கிழித்துவிட்டிருந்தார்கள்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். "உங்களுக்குப் பத்திரமா கொண்டாரணும்னுதான் இருந்தேன்."

விரிசலைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போது நைனா மூச்சு வாங்க உள்ளே வந்தார். என்னைத் தாண்டி நேராக அவளிடம் போய்க் குனிந்தார்.

"கை ரொம்ப நோவுதாம்மா? தண்ணி குடிக்கிறியா?"

அதன் பிறகுதான் பார்த்தேன். அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிப்போய், அட்டை வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கையால்தான் அவள் பல் பிடுங்குகிறாள். வெளியே இரண்டாம் குழுவின் கார்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட் இன்னும் என் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.