மருந்துக்கும் கூட்டம் கேட்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை காரமடையிலிருந்து ரங்கநாயகி அம்மையாரின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணா" என்றார். நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் மறைந்துவிட்டார். மறுநாள் வந்த இரங்கல் செய்தியில் அவருடைய பட்டங்கள் எல்லாம் இருந்தன. கருமத்தம்பட்டித் தறிக்காரர்களுக்கு மருந்துகளைப் பற்றித் தமிழில் பேசியவர் என்று ஒரு வரி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் விசைத்தறி ஓட்டியவன். கல்லூரி வாசலை மிதிக்காதவன். தெரிந்ததெல்லாம் நானாகப் படித்தது.

எங்கள் அறிமுகமே சண்டைதான். எங்கள் ஊருக்கு முதன்முறை பேச வந்தவர், மூடாமல் விட்ட தட்டில் பூஞ்சை விழுந்து, சுற்றியிருந்த கிருமிகள் அழிந்து, பென்சிலின் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். "கண்டவரு ஒருத்தருங்க, அதை மருந்தாக்குனவங்க வேற. அவங்களை ஏனுங்க உட்டுப்போட்டீங்க?"

"சொல்லத்தான் போறனுங்ணா. நீங்க உக்காந்தா சொல்லீருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை.

அடுத்த சண்டை, எதை ஆன்டிபயாடிக் என்பது என்று. ஒரு நுண்ணுயிர் உண்டாக்கி, இன்னொரு நுண்ணுயிரை அழிக்கும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் பொருள் மட்டுமே ஆன்டிபயாடிக். தொடக்கத்தில் வகுத்ததும் அதுதான். சல்ஃபா மருந்துகள் போல மனிதர் ஆய்வகத்தில் செய்ததை அதில் சேர்க்கக்கூடாது என்றேன். "இப்ப எல்லாத்தையும் அப்படித்தானுங்க சொல்றாங்க. காய்ச்சக்காரனுக்கு அதைப் பூஞ்சை செஞ்சுதா, மனுசன் செஞ்சானான்னு என்னங்க கவலை?" என்றார். பல ஆண்டுகள் நாங்கள் இதில் ஒத்துப்போகவில்லை.

எங்கள் ஊரில் மாத்திரையை நிறம் சொல்லி வாங்குவார்கள். என் மனைவிக்குப் பென்சிலின் ஊசி ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தது. பிறகொரு நாள் ஈறு வீங்கியபோது, பக்கத்து வீட்டில் சாப்பிட்ட சிவப்பும் மஞ்சளுமான மாத்திரையையே கேட்டு வாங்கி விழுங்கினாள். ஊசி மருந்து வெள்ளை, இது வேறு நிறம் என்பது அவள் கணக்கு. அம்மையார் அன்று என்னோடு வாதாட வந்திருந்தார். காபி கொண்டுவந்தவளின் வீங்கிய உதட்டைப் பார்த்ததும் தம்ளரை வாங்காமல் எழுந்தார். "என்ன மாத்திரை போட்டீங்க அக்கா?" அட்டையைப் பார்த்தவர், மூச்சு இழுக்கத் தொடங்கியவளைத் தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். என் மனைவி பிழைத்தாள்.

அங்கேயும் நான் விடவில்லை. "பேரும் வேற, நெறமும் வேற. ரெண்டும் எப்படியுங்க ஒண்ணாகும்?"

"பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனா மொதல்ல என்னங்ணா கேப்பீங்க?"

"என்ன கூட்டம்னு கேப்போம்." எங்கள் பக்கம் ஒரே குலக்கூட்டத்தார் பங்காளிகள், அதற்குள் பெண் எடுப்பதில்லை.

"ஒரே கூட்டம்னா, பொண்ணு எத்தன செவப்பா இருந்தாலும் எந்திரிச்சு வந்துருவீங்கல்ல? மருந்துக்கும் அதையே கேளுங்க. அக்காளுக்குப் பென்சிலின் கூட்டமே ஆகாது. இது அந்தக் கூட்டந்தான்."

கிருமியைச் சுவர் எழுப்பவிடாத கூட்டம், புரதம் செய்யவிடாத கூட்டம், தன்னைப் படியெடுக்கவிடாத கூட்டம் என்று அங்கேயே பிரித்துச் சொன்னார். சில மருந்துகள் பங்காளி இல்லாவிட்டாலும் கிட்டத்து உறவு. மருத்துவரிடம் ஒவ்வாமையைச் சொல்லாமல் தொடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அதன்பின் இங்கே பலர் மருந்துக் கடையில் "இது என்ன கூட்டமுங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அறிவியலைக் கல்யாணத் தரகாக்கிவிட்டார் என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் கேலி பேசினார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். என்னால் இன்றுவரை முடியவில்லை.

சென்ற மாதம் அவருக்கு நுரையீரலில் தொற்று. கொடுத்த மருந்துகளுக்கெல்லாம் அந்தக் கிருமி பழகிப்போயிருந்தது. நான் பார்க்கப் போனபோது புதிதாக ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது மனுசன் செஞ்சதுங்ணா" என்றார் மூச்சு வாங்க. "உங்க கணக்குல ஆன்டிபயாடிக்கே இல்ல. இதுல பொழச்சுட்டா ஒத்துக்குவீங்களா?"

"மொதல்ல எந்திரிச்சு ஊட்டுக்கு வாங்க அம்மணி. அப்பறம் பாக்கலாம்."

"பாருங்க, இப்பவும் புடி உடமாட்டேங்கறீங்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது. செவிலியர் என்னை வெளியே போகச் சொன்னார்.

அந்த மருந்தும் கேட்கவில்லை. என் கருத்தும் மாறவில்லை, அம்மணி. ஆனால் அன்று வாசலில் உட்கார்ந்து, நான் தோற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அமைதியாகப் போய்ச் சேருங்கள்.