மாமாவுக்குக் கிடைச்ச செவ்வணக்கம்

நான் கலியாணம் முடிச்சு சுன்னாகத்துக்கு வரேக்கை வீட்டிலை சாமியறை இருந்தது, சாமிதான் இல்லை. என்ரை மனிசன் சிவப்புக் கட்சியிலை சேந்திட்டார். பிள்ளையார், முருகன் எல்லாரையும் கழட்டிப் பெட்டியிலை போட்டிட்டு, அந்த ஆணியிலை ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரற்றை படத்தைக் கொழுவியிருந்தார். தாடியெண்டா, வெங்காயப் பிடி கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அப்பவெல்லாம் எங்கடை வீட்டிலை எங்கை பாத்தாலும் வெங்காயம்தான். சரி, அதை விடுங்கோ.

எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா ஒருத்தர் கும்பிடுறதைக் கண்டா தெரியாதே? விடியக் குளிச்சு, அந்தப் படத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். செருப்போடை ஒருத்தரும் உள்ளை போகேலாது. ஞாயிற்றுக்கிழமை தோழர்மார் வருவினம். ஒருத்தர் இங்கிலிசுப் புத்தகத்தை இழுத்து இழுத்துப் படிக்க, இவர் தமிழிலை விளக்கம் சொல்லுவார். கோயில்லை ஒருத்தர் புராணம் படிக்க மற்றவர் பயன் சொல்லுறது போல, அச்சொட்டு! நான் குசினிக்குள்ளை நிண்டு சிரிப்பன்.

மாமிக்குத்தான் சிரிப்பில்லை. இவர் அவவுக்கு ஒரே மகன். மாமா செத்த பிறகு ஒரு திவசமும் செய்யேல்லை.

"எட தம்பி, என்ரை கண் தெரியிற காலத்திலை கொப்பருக்கு ஒருக்காப் பூப் போடடா."

"செத்தவைக்கு என்னத்துக்கணை பூவும் வடையும்? எல்லாம் மூடநம்பிக்கை."

அப்பிடிச் சொன்ன மனிசன், பங்குனியிலை தாடிக்காரர் செத்த நாளண்டைக்குக் கூட்டம் முடியுமட்டும் பச்சைத்தண்ணியும் குடியார். மாலை வேணும், பூ வேணும், தோழர்மாருக்கு வடை வேணும்.

"இஞ்சாருங்கோ, அவரும் செத்தவர்தானே?" எண்டு கேட்டன்.

"உனக்கு விளங்காது. அது வேறை."

மாமிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஒரு வருசம் நான் சந்தையிலை ஐயரைக் கண்டு கேட்டன், மாமாவின்ரை திதியும் தாடிக்காரற்றை நாளிலைதான் விழுகுதாம். எனக்கு வந்த புளுகமும் சந்தோசமும்! வடை எப்பிடியும் சுடத்தானே வேணும். வாழைக்காய்க் கறியும் பாயசமும் சேத்துச் சமைச்சன். மாமாவின்ரை படம் பெட்டியிலை முருகனுக்குக் கீழை கிடந்தது. அவருக்கும் தாடி, கதிர்காமத்துக்கு நேத்தி வைச்சு வளத்தது. துடைச்சு, தாடிக்காரருக்குப் பக்கத்திலை கொழுவி, ஒரு மாலையும் போட்டன். தோட்டத்தாலை வந்த மனிசன் நேரை கிணத்தடிக்குப் போனார். வரேக்கை தோழர்மார் உள்ளை.

எல்லாரும் எழும்பி நிண்டு, ரண்டு படத்துக்கும் கையைப் பொத்தி உயத்திச்சினம்.

"மற்றவர் ரஷ்யாக்காரரோ?" எண்டார் ஒருத்தர் மெல்ல.

"பின்னை?"

"நெத்தியிலை மூண்டு கோடு கிடக்கு?"

"புரட்சியிலை பட்ட காயமாக்கும்."

அது மாமா பூசின திருநீறு! நான் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்தினன்.

இவர் படத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். கழட்டினா விளக்கம் சொல்லவேணும். கதவடியிலை மாமி, "போடு தம்பி," எண்டா. இவர் முதல் பூவைத் தாடிக்காரருக்குப் போட்டார். மற்றதைக் கையிலை வைச்சுக்கொண்டு கன நேரம் நிண்டார். பிறகு தேப்பன்ரை படத்தடியிலை குனிஞ்சு வைச்சார்.

"செவ்வணக்கம்!" எண்டு தோழர்மார் வீடு அதிரக் கத்திச்சினம்.

"பாத்தியே பிள்ளை," எண்டு மாமி கண்ணைத் துடைச்சா, "எந்த ஐயர் வந்து மந்திரம் சொன்னாலும் இப்பிடிச் சத்தமாச் சொல்லியிருப்பாரே?"

இவர் என்னோடை ரண்டு நாள் கதைக்கேல்லை. ஆனா மாமாவைக் கழட்டேல்லை.

அடுத்த வருசம் திதி தள்ளிப் போச்சு. நான் வாய் திறக்கேல்லை. பாத்தா, கூட்டமும் தள்ளிப் போச்சு. "உம்மடை மனிசன் வெங்காய விலை கேக்கிற மாதிரி வந்து நிண்டு திதி கேட்டிட்டுப் போறார்," எண்டு ஐயர் பிறகு சொன்னார். தோழர்மார் கேட்டதுக்கு, அந்தத் தேசங்களிலை கலண்டர் வேறை, அதுதான் நாள் மாறி மாறி வருகுது எண்டு இவர் பயன் சொன்னார். எல்லாரும் பக்தியாத் தலையாட்டிச்சினம்.