சத்தம் போடாத நாடகம்

செலாசிக்குக் கவலைப்படக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. காரணம் ஒன்று கிடைத்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். ஆசிரியர் அறைப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பள்ளி வாசல்வரை போவாள், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். மனசு சரியில்லாத நாட்களில் மேசைக்குள் வைத்திருக்கும் டப்பாவைத் திறந்து, வறுத்த மரவள்ளி மாவை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் வடிவமைப்பு, தொழில்நுட்பம், நாடகம் மூன்றையும் ஒரே பாடமாக்கி அவள் தலையில் கட்டியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் அதற்கென்றே பிறந்தவள். அப்பா ஹோ என்ற ஊரின் மலைப்பாதையில் வேன் ஓட்டினவர். வண்டி நடுவழியில் நின்றால் ஒரு கம்பியை முறுக்கியே கிளப்பிவிடுவாராம். அம்மா சர்ச் நாடகத்தில் ஈஸ்டர் தவறாமல் அழுகிறவள். இரண்டையும் பார்த்து வளர்ந்த பெண், எங்கள் கடலோர ஊருக்கு இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தாள். நான் கொர்க்கோய், கணக்கு டீச்சர், பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊர்.

தலைமையாசிரியர் சோவாவுக்கு அவள் பாடம் கண்ணில் விழுந்த தூசு. "பசங்க அட்டைய வெட்டி ஒட்டினா அரசுத் தேர்வுல மார்க் வருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். பருவத் தொடக்கத்தில் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார்.

"கல்வி அதிகாரி வர்ற அன்னிக்கு உங்க பசங்க என்ன கிழிக்கிறாங்கன்னு காட்டுங்க. அவருக்குப் பிடிக்கலேன்னா வாரத்துல உங்களுக்குள்ள மூணு பீரியடும் கொர்க்கோய் மேடத்துக்கு. கணக்கு நடத்தட்டும்."

எனக்கு அந்தப் பீரியடுகள் கசக்கவா போகிறது? பாதிப் பாடம் முடியாமல் கிடந்தது.

செலாசி அன்றிலிருந்து தூங்கினாளா என்பதே சந்தேகம். பருவம் முழுவதற்குமான திட்டத்தைப் பெரிய அட்டையில் பென்சிலால் எழுதிச் சுவரில் மாட்டினாள். எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். முதலில் பிள்ளைகள் படகை வரைய வேண்டும். பிறகு அட்டைப்பெட்டியும் சைக்கிள் கம்பியும் வைத்து, சக்கரத்தில் ஓடும் படகைச் செய்ய வேண்டும். கடைசியில் நாடகம்: மீன் பிடிக்கப் போன படகு இருட்டில் வழி தவறுகிறது, ஊரே கரையில் நின்று மேளம் அடிக்கிறது, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகு வீடு திரும்புகிறது. கேட்டபோது எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

படகு பாதி உருவான சமயத்தில்தான் அந்த அட்டையைக் கடைசிவரை படித்தேன். அதிகாரி வரும் தேதிக்கு நேரே 'மூன்று மேளம்' என்று அழகாக எழுதியிருந்தாள்.

"என்ன செலாசி, தடை நாள்லயா மேளம் அடிக்கப் போறே?"

"அதுக்குள்ள தடைய எடுத்துடுவாங்களேக்கா."

"எந்த ஊர்ல?"

அவள் மேசைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தாள். முன்பு அவள் வேலை பார்த்த ஊர் எங்களுக்கு அடுத்த ஊர்தான். ஹோமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முன்னால் மேளமும் இரைச்சலும் கூடாது என்பது இந்தக் கடலோரத்துக் கா இன மக்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பூசாரிகளும் சோளம் விதைத்துத் தனியாக நாள் குறிப்பார்கள். அந்த ஊரில் தடையை எடுக்கிறபோதுதான் எங்கள் ஊரில் போடுவார்கள். பாவம், பழைய ஊர்க் கணக்கிலேயே பருவம் முழுக்கத் திட்டம் போட்டிருந்தாள்.

"மெதுவா அடிச்சாக்கூடவா கூடாது?"

"கை தட்டினாலே கூடாதும்மா. ஊர்த் தலைவரோட அரண்மனை ஆளுங்க ரோந்து வருவாங்க. மேளத்தோட உன்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

சோவாவிடம் ஓடினாள். அதிகாரியின் தேதியை மாற்ற முடியாது என்று ஒரே பேச்சில் அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவள் டப்பாவை மடியில் வைத்து மரவள்ளி மாவைக் காலி செய்தாள்.

மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகளோ சிரித்தார்கள். தடையோடு வளர்ந்தவர்கள், அவர்களுக்கென்ன.

"மேடம், தடை நாள்ல எங்கப்பா படகு வந்தா யாரும் கத்த மாட்டாங்க," என்றாள் ஒடார்கோர் என்ற மீனவர் வீட்டுப் பெண். நாடகத்தில் படகுக்காரனின் மனைவி அவள்தான். "கரையிலேந்து டார்ச் அடிப்பாங்க. அதையே வெச்சுக்கலாமே?"

மேளம் அடிக்க இருந்தவர்கள் மின்சார வேலைக்கு மாறினார்கள். செத்துப்போன கைப்பேசிகளின் பேட்டரி, டார்ச் பல்பு, கம்பி எல்லாம் வந்து குவிந்தன. கரை நெடுகிலும் பல்புகள் ஒவ்வொன்றாக எரிய வேண்டும், அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் படகு நகர வேண்டும். செலாசி அட்டையை அழித்து எழுதிய வேகத்தில் காகிதமே ஓட்டையாகிவிட்டது. ஒத்திகையில் பல்பு எரிந்தால் படகுச் சக்கரம் கிறீச்சிட்டது. "இதுவும் சத்தம்தானேக்கா?" என்று என்னை உலுக்கினாள். சக்கரத்துக்குப் பனை எண்ணெய் பூசினோம். சக்கரம் அடங்கியதும் பல்பு அணைந்தது. கம்பியை முறுக்கினால் எரியும், கையை எடுத்தால் போய்விடும்.

"உங்கப்பா வேனே தேவலாம்," என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி வந்த அன்று தாய்மார்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சந்தையிலிருந்து நேரே வந்தவர்கள். மீன் வாசனையும் கூடவே வந்திருந்தது. ஜன்னல்களைத் துணியால் மூடிக் கூடத்தை அரையிருட்டாக்கியிருந்தோம். செலாசி திரைக்குப் பின்னால் கம்பிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். நான் பக்கவாட்டில் நின்றேன். முதல் வரிசையில் சோவா, அவர் பக்கத்தில் அதிகாரி, ஒன்றும் காட்டிக்கொள்ளாத முகத்தோடு.

படகு போனது. இருட்டில் திசை தெரியாமல் சுற்றியது. இப்போது பல்பு எரிய வேண்டும்.

எரியவில்லை. திரைக்குப் பின்னால் செலாசி கம்பியை முறுக்கும் நிழல் மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் சோவா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, மூன்று பீரியடும் போச்சு என்று நினைத்தேன். கிடைக்கப் போவது எனக்குத்தான், ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

கரையில் நின்ற ஒடார்கோர் திரைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, படகைப் பார்த்து வீசினாள். வீசிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்து இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள், அப்புறம் அந்த வரிசை. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க வெள்ளைக் கைக்குட்டைகள், ஒரு சின்னச் சத்தம் இல்லாமல். கணவனையும் பிள்ளையையும் கடலுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். படகு திரும்பியது. எண்ணெய் பூசின சக்கரத்தில் மெல்ல உருண்டு கரைக்கு வந்தது.

நான் திரைக்குப் பின்னால் ஓடினேன். செலாசி அறுந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"முடிஞ்சுபோச்சுக்கா. ஒரு சத்தம்கூட இல்லையே. எழுந்து போயிட்டாங்களா?"

"அடிப் பைத்தியமே, வா இங்க."

கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு வெளியே நிறுத்தினேன். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கை தட்டக் கூடாத நாள் அல்லவா, கைக்குட்டைகள் இப்போது அவளைப் பார்த்து அசைந்தன. அதிகாரியும் தன்னுடையதை வீசிக்கொண்டே சோவாவிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"இந்தப் பாடத்துக்கு வாரம் மூணு பீரியட் போதுமாங்க?"

கூடுதல் பீரியட் என் கணக்கிலிருந்துதான் போக வேண்டும் என்பதுபோல் சோவா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செலாசி ஒரு நிமிஷம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். பருவம் முழுக்க அடக்கி வைத்திருந்தது உடைந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். ஒடார்கோர் ஓடி வந்து தன் தலைத்துணியால் அவள் வாயைப் பொத்தினாள்.

"ஷ்ஷ்... மேடம், தடை!"