இந்த மாடல் இன்னும் எத்தனை வருஷம் வரும்?

திருப்பதியில் ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தோடு போகிற கார்கள்தான் எங்களிடம் அதிகம் விற்கும். சாவி வாங்கிய கையோடு திருமலைக்கு ஓட்டிப் போகிறவர்கள் நிறைய பேர். அந்தக் கார்களுக்கு நடுவே, கண்ணாடி ஓரத்து மேடையில், ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு படுத்த உடம்பு. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வாங்குவது வேறொன்றாக இருக்கும்.

அதை வாங்கவென்றே வந்தவர் ஒரே ஒரு அக்காதான். வெதுருகுப்பம் பக்கம் ஊர், வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். அவருடைய அப்பா அடுத்தவர் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். இவர் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிகளுக்கு லோடு அடித்து, இப்போது சொந்தமாக மூன்று லாரியும் ஒரு தோப்பும் வைத்திருக்கிறார். கூட வந்த அவருடைய அண்ணனுக்கு இந்த வண்டியில் துளியும் விருப்பமில்லை. "இவ்ளோ நாளு லாரி ஓட்டினது போதாதா? வயசான காலத்துல இது இன்னாத்துக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அக்கா காதில் வாங்கவில்லை. ரேணிகுண்டா ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. இறங்கிய பிறகும் கதவிலிருந்து கையை எடுக்காமல் என்னிடம் கேட்டார்.

"தம்பி, இந்த மாடல் இன்னும் எத்தினி வருசம் வரும்? புச்சா ஒண்ணு வரப்போவுதுன்னா இப்பவே சொல்லிடு. நான் காத்துக்கினு இருக்கேன், எனக்கு அவசரம் இல்ல. வாங்கின கொஞ்ச நாள்லியே பழசாயிட்டா மனசு கேக்காது."

அன்று காலையில்தான் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. அந்த மாடலின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சில மாதங்களில் அடுத்தது வரும், அதுவரை வெளியே சொல்லக் கூடாது. "முந்து ஸ்டாக் கிளியர் செய்யண்டி" என்று மேனேஜரும் சொல்லியிருந்தார். முதலில் இருக்கிற வண்டியைத் தள்ளுங்கள் என்று அர்த்தம்.

நான் அக்காவுக்குப் பாடமே எடுத்தேன். சாதாரண கார்களை ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிடுவார்கள், நடுவில் ஒருமுறை விளக்கையும் பம்பரையும் புதிதாக்குவார்கள் என்றேன். ஸ்போர்ட்ஸ் கார் விற்பதே குறைவு, போட்ட முதல் திரும்ப நாளாகும், அதனால் ஏழெட்டு வருஷம் அதே உடம்போடு வரும், பத்தைத் தாண்டியவையும் உண்டு என்றேன். சொன்ன அத்தனையும் உண்மை.

"இது வந்து நாலு வருசம்தான் ஆவுதுக்கா."

"அப்போ இன்னும் மூணு நாலு வருசம் இருக்குதுன்றே?"

"ஆமாக்கா."

அந்த ஒரு வார்த்தைதான் பொய். அவர் வாங்கிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து சர்வீஸுக்கு வண்டியை விட வந்தார். மேடையில் புதியது நின்றது. முன்முகம், பின்புறம், உள்ளே திரை, எல்லாம் வேறு. அக்கா அதை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கி உனுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா. எங்களுக்கே இப்பதான் சொன்னாங்க."

"நீ இன்னா பண்ணுவே, பாவம். எங்கியோ இருக்கிறவன் முடிவு பண்றான்" என்று என் தோளைத் தட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால் அந்த வாரத்திலேயே மறந்திருப்பேன்.

மாங்காய் சீசனில் லாரி டிரைவரிடம் ஒரு கூடை பழம் கொடுத்தனுப்பினார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்த வாரம் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கார் பார்க்க வந்தார். "அக்கா உங்களத்தான் பாக்கச் சொன்னாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாம்" என்றார். அவரை வேறொருவரிடம் அனுப்பிவிட்டு, லீவு நாளில் பஸ் ஏறி அக்கா ஊருக்குப் போனேன்.

லாரி டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் வந்த மெயில், அன்று சொன்ன 'ஆமா', பிறகு சொன்ன 'தெரியாது'. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எங்க அண்ணன் சொன்னாரு, அவன் தெரிஞ்சேதான் உன் தலையில கட்டிட்டான்னு. அந்தப் புள்ள அப்பிடி இல்லன்னு நான் சண்ட போட்டேன். கண்டபடி பேசிட்டேன். மூணு மாசமா அவரு இந்த வூட்டுக்கு வர்றதில்ல."

"நான் வந்து அவர்கிட்ட சொல்றேன்க்கா."

"நீ சொல்லி இன்னா? பேசினது நானு. நான்தான் போவணும்." துணியை உதறிவிட்டு, "வண்டி பழசானா பழசாவட்டும். மூஞ்சிக்கு நேரா கேட்டனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

திரும்பிப் போக சாயங்காலம்தான் பஸ். "ஏறு" என்றார்.

அந்த வண்டியை விற்ற நான் ஊர் ரோட்டில் அதில் உட்கார்ந்து போனது அன்றுதான் முதல்முறை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டாமல் கோணலாக ஏற்றி இறக்கினார். வழியில் அண்ணன் வீட்டு முன்னால் நிறுத்தி, என்னை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வர, அண்ணன் பின்னாலேயே தெரு வரை வந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தங்கையிடம் மட்டும், "மெதுவா போ" என்றார்.

மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டார்.

"சர்வீஸுக்கு இனிமே சித்தூர்லயே வுட்டுக்கிறேன்" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.